பிரஷ் கட்டர் கிளம்பவில்லையா? ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்

பெங்களூரில் கோடை மழை இரண்டு பெய்தால் போதும், காலி சைட்டுகளில் பார்த்தீனியம் இடுப்பளவு எழுந்து நிற்கும். ஜூன் பிறந்ததும் வீட்டுத் தோட்டத்துப் புல்லும் வாரம் ஒருமுறை வெட்டச் சொல்லும். டிசம்பரில் மூலையில் சாத்திய பிரஷ் கட்டரை அப்போதுதான் பலரும் வெளியே எடுக்கிறோம். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கடுக்குமே தவிர இன்ஜின் கிளம்பாது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்ப்பார். அதற்குப் பிறகு சிக்கல் ஒன்றுக்கு இரண்டாகிவிடும்.

முதல்முறை மெஷின் வாங்கியவர்களுக்காகவும், தோட்ட வேலைக்குப் புதிதாகச் சேர்ந்து மெஷினைக் கையில் வாங்கியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். செலவில்லாத, எளிதில் பார்க்கக்கூடிய காரணங்களை முதலில் பாருங்கள். பெட்ரோல், பிளக், ஃபில்டர் மூன்றும் சரி என்று உறுதியான பிறகே கார்புரேட்டர் பக்கம் போங்கள். பெரும்பாலான மெஷின்கள் அந்த மூன்றிலேயே சரியாகிவிடும்.

தொடங்கும் முன் உங்கள் மெஷின் டூ ஸ்ட்ரோக்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெட்ரோல் டேங்க் மூடி தவிர, இன்ஜின் ஆயில் ஊற்றத் தனியாக ஒரு மூடி இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக். ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 இன்ஜின் பொருத்திய கட்டர்கள் அந்த வகை. அவற்றில் பெட்ரோலோடு ஆயில் கலக்கக் கூடாது. ஒரே ஒரு மூடிதான் இருக்கிறது, பெட்ரோல் பம்ப் படத்தோடு 25:1 என்றோ 50:1 என்றோ பொறித்திருக்கிறது என்றால் அது டூ ஸ்ட்ரோக். இனி சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

கை வைக்கும் முன்

பிளேடு, நைலான் தலை, கிளட்ச் எதைத் தொடுவதாக இருந்தாலும் பிளக் கேப்பைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள். கயிற்றைத் தற்செயலாக இழுத்தால்கூட இன்ஜின் ஒரு சுற்று உதைக்கும்; விரலுக்கு அது போதும். சைலன்சர் ஆறாமல் பெட்ரோல் ஊற்றாதீர்கள். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் பார்க்கிங்கிலோ மூடிய ஷெட்டிலோ ஓட்டிப் பார்க்காதீர்கள். டூ ஸ்ட்ரோக் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம், அதற்கு வாசனை கிடையாது. வெளியே, மண் தரையில், காற்றோட்டத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி, மூடிய ஷூ இரண்டும் பழுது பார்க்கும்போதும் வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி பழுது தானே விளங்கும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் கீழே தனியாக இருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறை வழியாகத்தான் காற்றும் பெட்ரோலும் மேலே ஏறும். அங்கே தனி ஆயில் தேக்க இடமில்லை. பெட்ரோலில் கலந்து வரும் ஆயில்தான் பேரிங், பிஸ்டன், ரிங் எல்லாவற்றையும் நனைக்கிறது. ஆயில் கலக்காத பெட்ரோலில் சில நிமிடம் ஓடினாலே பிஸ்டன் இறுகிவிடலாம்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் விடும் கார்புரேட்டரும் பைக்கில் இருப்பது போன்றதல்ல. கட்டரைச் சாய்த்தும் திருப்பியும் பிடித்து வெட்டுகிறோம். மிதவை வைத்த கார்புரேட்டர் அப்படிச் சாய்த்தால் வேலை செய்யாது. அதனால் இதில் மெல்லிய ரப்பர் தகடு வைத்திருக்கிறார்கள். டயாஃப்ரம் என்று கேட்டால் கடையில் தருவார்கள். கிராங்க் அறையில் மாறி மாறி எழும் அழுத்தம் ஒரு தகட்டை அசைத்துப் பெட்ரோலை இழுக்கிறது. இன்னொரு தகடு எவ்வளவு உள்ளே விடுவது என்று பார்த்துக்கொள்கிறது. பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் பைக்குகளில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். 1985 முதல் 1996 வரை வந்த அந்த வண்டியின் ரிங், போர், பிளக் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அப்படியே கட்டருக்கும் பொருந்தும். கார்புரேட்டர் மட்டும் வேறு சாதி. அதை டயாஃப்ரம் வகையைப் பிரித்துப் பழகியவரிடம் கொடுப்பதுதான் நல்லது.

ஆக, கிளம்பாத இன்ஜினிடம் கேட்க வேண்டிய கேள்வி மூன்று. பிளக்கில் நெருப்பு வருகிறதா? நல்ல பெட்ரோல் போய்ச் சேர்கிறதா? பிஸ்டன் காற்றை அழுத்துகிறதா?

முதலில், கிளப்பும் முறை சரியா?

மெஷினில் பழுதே இல்லாமல், கிளப்பும் முறை தெரியாததால் கடைக்கு வரும் மெஷின்கள் நிறைய. ஸ்விட்ச் ஆன் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியில் இருப்பதால் தூக்கும்போது தெரியாமல் தட்டிவிடும். டேங்க் பாதிக்கு மேல் இருக்கட்டும். கார்புரேட்டர் அடியில் இருக்கும் ரப்பர் குமிழை ஆறேழு முறை அழுத்துங்கள். குமிழுக்குள் பெட்ரோல் தெரிய வேண்டும். காற்று வரும் வழியை அடைக்கும் சின்ன நெம்புகோலான சோக்கை மூடுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் தடுக்கும். அங்கிருந்து வேகமாக ஒரே இழுப்பு. முழு நீளமும் இழுக்காதீர்கள், இழுத்தபின் கைப்பிடியைச் சட்டென விட்டுவிடாதீர்கள். ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் உடைவது இப்படித்தான்.

நாலைந்து இழுப்புக்குள் 'பொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதோடு சோக்கைத் திறந்துவிட வேண்டும். பலரும் அந்தச் சத்தத்தைக் கவனிக்காமல், சோக் மூடிய நிலையிலேயே இருபது முறை இழுத்துவிடுவார்கள். பெட்ரோல் உள்ளே தேங்கி பிளக் நனைந்து போகும். மெக்கானிக் பாஷையில் ஓவர்ஃப்ளோ. அப்படி ஆகிவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடையுங்கள். சோக்கைத் திறந்து, ஸ்விட்ச்சை ஆஃப் செய்து, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்தபடி பத்துப் பன்னிரண்டு முறை கயிற்றை இழுங்கள். உள்ளே தேங்கியது பிளக் ஓட்டை வழியாக வெளியேறும். முகத்தை அதன் நேரே வைக்காதீர்கள். கொஞ்ச நேரம் காயவிட்டு, பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல் கிளப்பிப் பாருங்கள்.

சூடாக இருக்கும் இன்ஜினுக்குச் சோக் வேண்டாம். டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்து சோக் போட்டு இழுத்தால் ஓவர்ஃப்ளோதான்.

பெட்ரோல்: பாதிக்கு மேற்பட்ட தொல்லை இங்கேதான்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோல் பத்து வருடத்துக்கு முந்தைய பெட்ரோல் அல்ல. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் நடந்த இந்தியா எனர்ஜி வீக்கில்தான் அறிமுகம் செய்தார்கள். 2025க்குள் நாடு முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. சின்ன டூ ஸ்ட்ரோக் மெஷின்களோடு வரும் கையேடுகளில் பலவும் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றுதான் சொல்கின்றன. நாளுக்கு நாள் ஓட்டித் தீர்க்கும் காருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலோடு தூங்கும் கட்டருக்குத் தெரியும்.

எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஒரு அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் ஃபில்டர் கிடப்பது அடியில்தான். ஆகவே இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அந்தத் தண்ணீர்க் கலவையை. நாம் கலந்த 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலோ மேலே நிற்கும் பெட்ரோலோடு தங்கிவிடும். இந்த நிலையில் கிளம்பாமல் போனால் நல்லது. தட்டுத் தடுமாறிக் கிளம்பினால் ஆயில் இல்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம்.

சோதிப்பது எளிது. டேங்கில் உள்ளதைக் கொஞ்சம் சின்னக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். 2டி ஆயிலின் நிறம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, தெளிவாக இருக்க வேண்டும். அடியில் கோடு போட்டதுபோல் ஒரு அடுக்கு, முத்து முத்தாக உருளும் துளிகள், கலங்கல், வார்னிஷ் போன்ற புளித்த வாசனை, இதில் எது இருந்தாலும் அந்தப் பெட்ரோல் வேண்டாம். கலக்கி ஒரு மாதம் தாண்டியது என்றால் சோதிக்கவே தேவையில்லை, மாற்றிவிடுங்கள். பழையதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். பழைய ஆயில் சேர்த்து வைக்கும் கராஜ் எதிலாவது கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இனி புதிதாகக் கலக்குவது. உங்கள் மெஷின் மூடியிலோ கையேட்டிலோ என்ன விகிதம் போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். மலிவு விலை 43 சிசி, 52 சிசி மெஷின்கள் பலவற்றில் 25:1 இருக்கும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில். 40:1 என்றால் 25 மில்லி. 50:1 என்றால் 20 மில்லி. குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள், மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேனில் பாதி பெட்ரோல், பிறகு ஆயில், நன்றாகக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். மெஷின் டேங்கிலேயே ஊற்றிக் கலப்பது சரிவராது. ஆயில் அடியில் கனமாக நின்று ஃபில்டரை அடைத்துக்கொள்ளும்.

'கொஞ்சம் ஆயில் கூடப் போனால் இன்ஜினுக்கு நல்லதுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. கூடினால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி படியும். ஒரு லிட்டரில் ஆயில் இடம் பிடித்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது என்பதால், உள்ளே காற்றோடு சேரும் கலவையும் மெலியும், அதாவது அதில் பெட்ரோல் குறையும். குறைந்தாலோ பிஸ்டனே போய்விடும். சொன்ன அளவு போதும்.

ஆயில் டப்பாவில் டூ ஸ்ட்ரோக் அல்லது 2டி என்றிருக்க வேண்டும். காற்றால் குளிரும் இன்ஜினுக்கானது, ஏபிஐ டிசி அல்லது ஜாசோ எஃப்டி தரம் என்று போட்டிருந்தால் நல்லது. டிசி-டபிள்யூ3 என்று போட்டது படகு இன்ஜினுக்கானது, கட்டருக்கு வேண்டாம். பைக்கில் ஊற்றும் 4டி ஆயிலும் வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் தரப் பல பங்குகளில் மறுப்பார்கள். அது உங்கள் பாதுகாப்புக்காகத்தான். நல்ல மூடி உள்ள உலோகக் கேன் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரே தடவையில் ஐந்து லிட்டர் கலக்காமல், அந்த மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள்.

பிளக் சொல்லும் செய்தி

பிளக்கைக் கழற்றினால் இன்ஜின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். பெரும்பாலான மெஷின்களோடு 19 எம்எம் பாக்ஸ் ஸ்பேனர் ஒன்று கூடவே வரும். கழற்றும் முன் சுற்றிலும் உள்ள புல்தூசியை ஊதித் தள்ளுங்கள், ஓட்டைக்குள் விழுந்துவிடக் கூடாது.

பலமுறை இழுத்தும் பிளக் முனை காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. நெருப்பு இல்லை, அல்லது ஓவர்ஃப்ளோ. முனை பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. உலர்ந்த கரிப்பொடி பூசியதுபோல் இருந்தால் பெட்ரோல் தூக்கல், இல்லையென்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு. ஈரமான கறுப்புப் பிசுக்கு என்றால் ஆயில் அதிகம். முனை வெள்ளை வெளேரென்று வெந்துபோனதுபோல் இருந்தால் உடனே வேலையை நிறுத்துங்கள். கலவை மெலிந்து இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகிறது.

நெருப்பு வருகிறதா என்று பார்க்கும் முறை: பிளக்கைக் கேப்பில் மாட்டி, பிளக்கின் உலோக உடலை சிலிண்டரின் உலோகத்தில், பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி ஒட்டிப் பிடித்து, ஸ்விட்ச் ஆன் செய்து கயிற்றை இழுங்கள். கேப்பின் ரப்பரை மட்டும் பிடியுங்கள், இல்லையென்றால் சுளீரென்று ஷாக் அடிக்கும். நிழலில் பார்த்தால் நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று தெரிய வேண்டும். பெட்ரோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யவே கூடாது.

நெருப்பு இல்லையென்றால் முதலில் புது பிளக் போட்டுப் பாருங்கள். செலவு குறைவு, சந்தேகம் தீர்ந்துவிடும். பழைய பிளக்கின் எண்ணைப் பார்த்து அதே வகை வாங்குங்கள். நீளம் மாறினால் பிஸ்டனில் இடிக்கலாம். இடைவெளி 0.6 முதல் 0.7 எம்எம். முதலில் விரலால் திருகி உட்கார வைத்து, பிறகு ஸ்பேனரில் புது பிளக்குக்கு அரைச் சுற்று. சிலிண்டரில் உள்ள மரை அலுமினியம் என்பதால் பலம் காட்டினால் மரையே கழன்று வந்துவிடும்.

புது பிளக்கிலும் நெருப்பு இல்லையா? ஸ்விட்ச்சுக்குப் போகும் மெல்லிய வயரை இன்ஜின் பக்கம் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். இப்போது நெருப்பு வந்தால் ஸ்விட்ச்சிலோ, கைப்பிடிக்குள் நசுங்கிய வயரிலோ கோளாறு. அப்போதும் வரவில்லை என்றால் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலில் கோளாறு. காந்தம் பதித்த சக்கரமான ஃப்ளைவீலுக்கும் காயிலுக்கும் இடைவெளி ஏறத்தாழ 0.3 எம்எம் இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து, காந்தம் இழுத்துக்கொள்ளும் நிலையில் திருகை இறுக்கினால் சரியாக வரும். துருவும் தூசியும் இருந்தால் துடையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் காயில் மாற்ற வேண்டியதுதான்.

டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை

பிளக் காய்ந்திருந்தவர்கள் இங்கே வாருங்கள். டேங்குக்குள் ஒரு கம்பியை வளைத்து விட்டால் ஃபில்டர் தலையை வெளியே இழுக்கலாம். கறுத்து இறுகியிருந்தால் மாற்றுங்கள், கழுவி மாட்டிப் பலனில்லை. டியூபை லேசாக வளைத்துப் பாருங்கள். எத்தனால் பட்டு ரப்பர் ஒரு பக்கம் ஊறித் தளர்ந்துபோகும், இன்னொரு பக்கம் விறைத்து வெடிக்கும். மயிரிழை வெடிப்பு போதும், பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்க. குமிழை அழுத்தும்போது உள்ளே நுரை நுரையாக வந்துகொண்டே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. குமிழ் அமுங்கியபடியே நின்றால் ஃபில்டர் அல்லது டியூப் அடைப்பு. புது டியூப் வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

டியூப் மாற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஃபில்டர் உள்ள டியூப் கார்புரேட்டருக்கு. குமிழிலிருந்து திரும்பும் டியூப் டேங்குக்கு. இரண்டையும் மாற்றி மாட்டினால் ஆயிரம் முறை அழுத்தினாலும் பெட்ரோல் ஏறாது.

இன்னொரு பழுது புதியவர்களை ரொம்பவே சுற்றவிடும். நன்றாகக் கிளம்பும், ஐந்து பத்து நிமிடம் நன்றாக வெட்டும், பிறகு மெல்ல அடங்கி நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துக் கிளப்பினால் மறுபடி ஓடும். இதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. நின்றவுடன் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே கிளம்பினால் டேங்குக்குக் காற்று விடும் சின்ன வால்வு அடைத்திருக்கிறது. சில மெஷின்களில் அது மூடியிலேயே இருக்கும், சிலவற்றில் தனி டியூப் முனையில். சுத்தம் செய்தால் தீர்ந்தது. மூடியைத் திறந்தும் கிளம்பவில்லை என்றால், சூடு ஆறும் முன்பே பிளக் நெருப்பைச் சோதியுங்கள். சூட்டில் மட்டும் செத்துப்போகும் காயில்கள் உண்டு. ஆறியதும் நல்லபிள்ளையாக நெருப்பு கொடுக்கும் என்பதால் கடையில் கொண்டுபோய்க் காட்டும்போது பழுதே தெரியாது.

காற்று வரும் வழியும் புகை போகும் வழியும்

ஏர் ஃபில்டர் பஞ்சை சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவைத்து, இரண்டு சொட்டு ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். காய்ந்த பார்த்தீனியம் வெட்டும் நாட்களில் தினமும் பாருங்கள். அந்தப் பூந்தூள் மனிதருக்கும் ஆகாது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

கிளம்புகிறது, ஆனால் பிக்கப் இல்லை, முக்குகிறது என்றால் சைலன்சரைப் பாருங்கள். பல மெஷின்களில் புகை வாயில் நெருப்புப் பொறியைத் தடுக்கும் சின்ன வலை இருக்கும். அது கரியால் அடைத்துக்கொண்டால் புகை போக வழியில்லாமல் இன்ஜின் திணறும். வலையைக் கழற்றி கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினால் இழந்த பலம் திரும்பிவிடும். கார்புரேட்டரைக் குற்றம் சொல்லிப் பணத்தைச் செலவழித்தவர்களில் பலரது மெஷினில் பழுது இந்த வலையில்தான் இருந்திருக்கும்.

இப்போது கார்புரேட்டர்

இதுவரை சொன்ன எல்லாம் சரி, அப்படியும் தொல்லை என்றால் மட்டும் இதைப் படியுங்கள்.

சோக் போட்டால் ஓடுகிறது, திறந்தால் நின்றுவிடுகிறது: பெட்ரோல் போதவில்லை. ஐட்லிங்கில் ஓடுகிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அடங்குகிறது: உள்ளே உள்ள வலை அடைப்பு, அல்லது விறைத்த டயாஃப்ரம். ஆக்சிலரேட்டரை விட்டாலும் வேகம் தானாக ஏறுகிறது: கார்புரேட்டர் அடியில் காற்று புகாமல் தடுக்கும் மெல்லிய தகடான கேஸ்கெட் வழியாகவோ கிராங்க் சீல் வழியாகவோ காற்று புகுகிறது. கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள், இன்ஜின் இறுகிப்போகும் பாதை அது. முதலில் கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு திருகும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதிர்வில் தளர்வது சகஜம்.

கழற்றுவதாக இருந்தால் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு அடுக்கையும் கழற்றும் முன் படம் எடுங்கள். கேஸ்கெட் முதலா டயாஃப்ரம் முதலா என்பது ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் மாறும். டயாஃப்ரத்தை விரலில் வைத்துப் பாருங்கள். நல்லது பட்டுத் துணி மாதிரி தொய்யும்; காகிதம் போல மொடமொடத்தால் கிட் வாங்கி மாற்றுங்கள். பம்ப் பக்கத்தில் நகத்தளவு வலை ஒன்று இருக்கும், அதில் பழைய பெட்ரோலின் பச்சைப் பிசின் படிந்திருக்கும். ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடியுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. ஓட்டைகளில் கம்பியோ ஊசியோ விடாதீர்கள். உள்ளே இருக்கும் சின்ன நெம்புகோலை வளைக்காதீர்கள்.

ஸ்க்ரூக்கள் பற்றி. எல் என்பது குறைந்த வேகம், எச் என்பது முழு வேகம், டி என்பது ஐட்லிங். எல்லும் எச்சும் வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் திருப்பினால் கூடும். சில மெஷின்களில் டி மட்டும்தான் வெளியே இருக்கும், மற்றவை மூடி போட்டு அடைத்திருப்பார்கள், அவற்றை விட்டுவிடுங்கள்.

பெங்களூர்க்காரர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி இங்கே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அங்கே சரியாக ஓடிய மெஷின் இங்கே வந்தால் கலவையில் பெட்ரோல் கொஞ்சம் தூக்கலாகும், பலமும் சற்றுக் குறையும். மறுபக்கம், எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் இ20 பெட்ரோல் கலவையை மெலிதாக்கும். இரண்டும் ஓரளவுக்கு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. 'ஊர் உயரம், அதனால் ஸ்க்ரூவை இறுக்கு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எத்தனால் இல்லாத காலத்து அறிவுரை அது. இன்று அப்படி இறுக்கினால் இன்ஜின் வேகும்.

திருப்பியே ஆக வேண்டும் என்றால், முதலில் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மெதுவாக மூடி எத்தனை சுற்று வந்தது என்று எழுதி வையுங்கள். ஏற்கெனவே யாரோ திருப்பிக் குழப்பிவிட்டார்கள் என்றால் எல், எச் இரண்டையும் மென்மையாக மூடி, ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். சுத்தமான ஏர் ஃபில்டரோடு, இன்ஜின் சூடான பிறகுதான் சரிசெய்ய வேண்டும். எல் ஸ்க்ரூவைத் திருப்பி ஐட்லிங் வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அரைக்கால் சுற்று இடப்பக்கம். பிறகு டி ஸ்க்ரூவால், இன்ஜின் நிற்காமலும் வெட்டும் தலை சுற்றாமலும் இருக்கும்படி வையுங்கள். எச் ஸ்க்ரூவில் முழு வேகத்தில் வெறுமனே ஓடும்போது கொஞ்சம் கரகரவென்று முரண்டி, புல்லில் வைத்தால் சத்தம் தெளிவாக வேண்டும். கணீரென்று உச்ச சுருதியில் கத்தும்படி வைப்பது கேட்க நன்றாக இருக்கும்; அந்தச் சத்தத்தில்தான் பிஸ்டன்கள் போகின்றன.

பிஸ்டன் காற்றை அழுத்துகிறதா

நெருப்பு உண்டு, புதுப் பெட்ரோல் உண்டு, கார்புரேட்டரும் சுத்தம், இன்னும் கிளம்பவில்லையா? பிளக்கைக் கழற்றி ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடி, ஸ்விட்ச் ஆஃபில் கயிற்றை இழுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெடித்து வெளியேற வேண்டும். கம்ப்ரஷன் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. 120 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் ஆரோக்கியம். 90க்குக் கீழே போனால் கிளம்புவது கடினம். சைலன்சரைக் கழற்றினால் புகை வாசல் வழியாக பிஸ்டனே தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. மேலிருந்து கீழாகக் கீறல்கள் இருந்தால் ஆயில் குறைவால் ஒருமுறை இறுகியிருக்கிறது. ரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை, பிஸ்டன் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து வர வேண்டும். மலிவு மெஷின் என்றால் அந்தச் செலவு தேவையா என்று மெக்கானிக்கிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

இன்ஜின் ஓடுகிறது, வெட்டவில்லை

இது சின்ன விஷயம். தலையைச் சுற்றிப் புல்லும் நாரும் இறுகியிருக்கும், அறுத்தெடுங்கள். சுற்றவே இல்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கும், அல்லது நீளக் குழாய்க்குள் சுற்றும் கம்பியின் முனை தேய்ந்து வழுவழுத்திருக்கும். முழு வேகத்தில் திணறுகிறது என்றால் நைலான் நரம்பின் நீளத்தைப் பாருங்கள். பாதுகாப்புத் தட்டைக் கழற்றிவிட்டு நரம்பை நீளமாக விட்டு ஓட்டுபவர்கள் அதிகம். அந்தச் சுமை இன்ஜின் மீதும் கிளட்ச் மீதும் விழுகிறது, கல் தெறித்தால் உங்கள் மீதும். தட்டு இருந்தே ஆக வேண்டும். கியர் தலையில் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் விடுங்கள்.

உதிரிபாகம் வாங்க

டவுன் ஹாலுக்கும் கே.ஆர். மார்க்கெட்டுக்கும் அருகே எஸ்.ஜே.பி. ரோடு பக்கம் மெஷின் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழ் பேசுபவர்களும் அங்கே உண்டு, கன்னடம் வராது என்று தயங்க வேண்டாம். மாடல் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடப் பழைய பொருளையே கையில் எடுத்துப் போங்கள். 52 சிசி என்று சொன்னால் நாலு விதமான கார்புரேட்டர் எடுத்துப் போடுவார்கள், திருகு ஓட்டைகளின் இடைவெளி ஒவ்வொன்றிலும் வேறு. டயாஃப்ரம் கிட், ஃபில்டர், டியூப், பிளக் நான்கையும் சேர்த்து வாங்கி வீட்டில் ஒரு டப்பாவில் போட்டு வைத்தால், மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகாது.

மழை ஓய்ந்ததும்

நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ புல் வளர்ச்சி அடங்கியதும் இதைச் செய்துவிட்டால் அடுத்த ஜூனில் மேலே சொன்ன எதுவும் தேவைப்படாமல் போகலாம். டேங்கில் இருப்பதைக் கேனில் வடித்துவிடுங்கள். குமிழை அழுத்தி மீதியையும் வெளியேற்றுங்கள். பிறகு இன்ஜினைக் கிளப்பி, தானாக நிற்கும்வரை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். கார்புரேட்டருக்குள் இருப்பது தீர்ந்துவிடும். ஆறியதும் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக 2டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகளுக்கு நடுவே ஒட்டிய புல்லைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், சமையலறை கேஸுக்கு அருகே இல்லாமல், சுவரில் தொங்கவிடுங்கள். டேங்க் மூடியில் ஒரு காகிதம் ஒட்டி, கலவை விகிதத்தையும் பிளக் எண்ணையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மெஷினை எடுப்பவர் வேறொருவராக இருந்தாலும் குழம்ப மாட்டார்.